சீருடையைக் கழற்றியவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

களத்தில் வென்ற தளபதி அரசையும் திறம்பட நடத்துவார் என்ற கருத்து அவ்வப்போது எழுதப்படுகிறது. வரலாறு அதற்கு அவ்வளவு எளிதில் உடன்படுவதில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடபகுதிப் படைகளை வெற்றிக்கு இட்டுச்சென்ற யுலிசஸ் கிராண்ட், 1869 முதல் 1877 வரை குடியரசுத் தலைவராக இருந்தபோது, தாம் நம்பியவர்களின் ஊழல்களாலேயே பெயர் கெட்டார்.

1815இல் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த வெலிங்டன் வேறு விதம். 1828இல் பிரிட்டனின் பிரதமரான அவர், தாமே முன்பு எதிர்த்துவந்த கத்தோலிக்கர் நாடாளுமன்றத்தில் அமர வழிவிடும் உரிமைச் சட்டத்தை, அயர்லாந்தில் கலவரம் மூளும் என்று அஞ்சி, தயங்கிய மன்னரையும் இணங்கவைத்து மறு ஆண்டே நிறைவேற்றினார். களத்தில் பின்வாங்கத் தெரிந்தவருக்கே அது கைவந்தது என்பது என் எண்ணம். ஆனால் அதே ஆண்டு, தம்மைத் தூற்றிய வின்செல்சி பிரபுவை, பிரதமராக இருந்துகொண்டே பாட்டர்சி வயலில் கைத்துப்பாக்கியோடு ஒற்றைக்கொற்றைச் சண்டையில் எதிர்கொண்டதை எதில் சேர்ப்பது? (நல்லவேளையாக யாருக்கும் காயமில்லை.)

வென்றவர் ஆட்சிக்கு வந்தாரா என்பதைவிட, எவ்வழியில் வந்தார் என்பதே கேட்கப்பட வேண்டியது. அமெரிக்க விடுதலைப் போரில் படைகளை வெற்றிக்கு இட்டுச்சென்ற ஜார்ஜ் வாஷிங்டன் 1789இல்தான், அதுவும் தேர்தல் வழியாக, குடியரசுத் தலைவரானார். அதற்கு முன்பே, 1783 டிசம்பர் 23 அன்று, அனாபொலிஸ் நகரில் கூடியிருந்த மக்கள் பிரதிநிதிகளின் முன் அவர் தம் படைத்தலைமையைத் துறந்திருந்தார். விடைபெறும் உரையை வாசிக்கையில் தாளைப் பிடித்திருந்த அவருடைய கை நடுங்கியதாக, அவையில் இருந்த ஒருவர் அன்றே கடிதத்தில் எழுதினார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்