எந்த மாடு?

நீடாமங்கலம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

போனில் நீ கேட்டதற்கு அரைகுறையாகத்தான் பதில் சொல்ல முடிந்தது, அதற்குள் உனக்கு மணி அடித்துவிட்டது. உன் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஆங்கிலம் எழுதும்போது 'எ', 'ஆன்', 'தி' மூன்றையும் இஷ்டத்துக்குப் போடுகிறார்கள், இல்லாவிட்டால் அடியோடு விட்டுவிடுகிறார்கள் என்றாய். திருப்பூரிலும் அதே கதைதானா!

விடுவதற்குக் காரணம் இருக்கிறதம்மா. 'எங்கப்பா டிரைவர்' என்பதுதான் வீட்டுப் பேச்சு, அதில் 'ஒரு' வராது. அந்தப் பழக்கத்தில் 'மை ஃபாதர் ஈஸ் டிரைவர்' என்று எழுதுகிறான். அலட்சியம் என்று திட்டாதே. தொழிலைச் சொல்லும் வாக்கியங்களை மட்டும் சில நாள் வாய்விட்டுச் சொல்ல வை, 'எ டிரைவர், எ டெய்லர்' என்று நாக்கில் படிந்துவிடும்.

பெரும்பாடு 'தி'தான். குறிப்பிட்ட பொருளுக்கு 'தி', குறிப்பிடாததற்கு 'எ' என்று இலக்கணப் புத்தகம் ஒரு வரியில் முடித்துவிடும். பிள்ளைக்கு அதில் ஒன்றும் விளங்காது. ஆனால் அந்த வித்தியாசம் அவனுக்கு ஏற்கெனவே தெரியும். 'சித்தப்பா மாடு வாங்கினார்' என்று சொல்லிப் பார். 'அப்படியா, எந்த மாடு?' என்பான். 'சித்தப்பா மாட்டை வாங்கிட்டார்' என்று சொல், கேட்க மாட்டான். போன வாரம் சந்தையில் விலை படியாமல் விட்டுவந்த மாடு என்று அவனுக்கே புரிந்துவிடும். அங்கே 'மாட்டை' என்பதில் இருக்கிற 'ஐ' உருபு பார்க்கிற வேலையைத்தான் ஆங்கிலத்தில் 'தி' பார்க்கிறது. இது அஃறிணைக்குத்தான் சரிவரும். ஆள் என்றால் 'ஒரு டாக்டரைப் பார்த்தேன்' என்று எப்படியும் 'ஐ' வந்துவிடும். 'மாடு வந்தது' என்கிற மாதிரி எழுவாயிலும் உதவாது.

அதற்கெல்லாம் 'எந்த?' என்ற கேள்வியே போதும். ஒருவன் வாக்கியம் சொல்லட்டும். கேட்பவர்களுக்கு 'எந்த மாடு?' என்று கேட்கத் தோன்றினால் 'எ', கேட்காமலே புரிந்தால் 'தி'. இங்கே டியூஷனில் திண்ணையே அதிரும்படி கத்துகிறார்கள். கத்தட்டும், ஒர்க் ஷீட்டில் கோடிட்ட இடத்தைக் குருட்டாம்போக்கில் நிரப்புவதை விட மேல்.

அப்புறம் எண்ண முடியாதவை. 'பேடி நீட்ஸ் வாட்டர்', நெல், தண்ணீர் இரண்டுக்கும் ஒன்றும் வேண்டாம். மூட்டையை எண்ணலாம், ஆகவே 'எ பேக் ஆஃப் பேடி'. கொள்முதல் நிலையத்தில் குவித்து வைத்த நெல் மழையில் நனைந்துபோனால் 'தி பேடி காட் வெட்'. எந்த நெல் என்று யாரும் கேட்க மாட்டார்கள், ஊரே அந்தக் கவலையில்தான் இருக்கும்.

ஆற்றுப் பெயருக்கு முன்னால் 'தி' உண்டு, ஊர்ப் பெயருக்குக் கிடையாது. தண்ணீரைப் பிரித்துவிடும் அணையான மூணாறு தலைப்பில் பிரிகிற வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு மூன்றுக்கும் 'தி', பக்கத்திலிருக்கிற நீடாமங்கலத்துக்கு இல்லை. உன் பிள்ளைகளுக்கு நொய்யலையும் திருப்பூரையும் வைத்துச் சொல். ஏன் சார் என்று இங்கே ஒருத்தி கேட்டாள். வழக்கம் அப்படி, மனப்பாடம் பண்ணு என்றேன். இந்த இடத்தில் காரணம் ஜோடித்துச் சொல்லாதே, பிறகு விதிவிலக்கு வரும்போது மாட்டிக்கொள்வாய்.

'ஆன்' சுலபம் என்று நினைப்போம். ஏ, இ, ஐ, ஓ, யு எழுத்து வந்தால் 'ஆன்' என்று சொல்லிக்கொடுத்தால் 'ஆன் யூனிஃபார்ம்' என்று எழுதுவார்கள். எழுத்தைப் பார்க்காதே, காதால் கேள், உயிர் ஒலியில் தொடங்கினால்தான் 'ஆன்' என்று சொல். அதிலும் ஒரு சிக்கல். எலியை 'யெலி' என்று சொல்கிற வாய் நமது. முட்டையையும் 'யெக்' என்றுதான் சொல்லும், சொன்ன பிறகு 'எ யெக்' என்பதுதான் அந்தக் காதுக்குச் சரியாகப் படும்! முதலில் உச்சரிப்பைச் சரிசெய், 'ஆன்' தானாக வரும். பழகுவதற்கு நம் ஆபீஸ் பெயர்களே நல்லது: எ வி.ஏ.ஓ, ஆன் ஆர்.ஐ, ஆன் எம்.எல்.ஏ. பிறகு 'ஆன் அவர்' (மணி நேரம், எழுத்தில் இருக்கிற ஹெச் ஒலிக்காது), 'எ ஒன் ருப்பி காயின்'. 'ஒன்'னில் வகர ஒலி இருப்பதைக் காது பிடித்துவிட்டால் உன் வேலை முடிந்த மாதிரி.

'கோ டு ஸ்கூல்' இன்னொரு குழப்பம். படிக்கப் போகிற பிள்ளைக்கு 'தி' வேண்டாம், டி.சி. வாங்கப் போகிற அம்மாவுக்கு வேண்டும். இதை இந்த வருஷமே திணிக்காதே, ஏழாம் வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம்.

கட்டுரையில் எல்லாத் தவறையும் சிவப்பில் சுழிக்காதே. இந்த வாரம் 'எ' என்றால் 'எ' மட்டும் பார். உங்கள் ஹெச்.எம். நோட்டைப் புரட்டிவிட்டு ஏன் மற்றதைத் திருத்தவில்லை என்று கேட்டால், மேலே ஒரு வரி எழுதிவை, 'இன்று எ மட்டும்' என்று.

நாலைந்து பிள்ளைகளின் கட்டுரையைத் திருத்தாமல் படமெடுத்து வாட்ஸப்பில் அனுப்பு. எங்கே சறுக்குகிறார்கள் என்று பார்த்து ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன்.

அப்பா