அம்மாயியின் பாசியும் ரோமர் காலத்துக் கண்ணாடியும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் பெண்கள் பகுதியில் வந்த நகைக் கட்டுரையைப் படித்துவிட்டு இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன், மனம் ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன். பக்கத்தின் மேலே, ரோமர் காலத்துக் கண்ணாடித் துண்டை வெள்ளியில் பதித்த தோடு ஒன்றைப் படம் போட்டு "அபூர்வம்" என்கிறீர்கள். அதே பக்கத்தின் கீழே, சடங்கு வீட்டுக்கு நகை எடுப்பவர்களுக்கு யோசனை சொல்லும்போது கண்ணாடி வளையல், பாசிமாலை மாதிரியான "போலி நகைகளை" தவிர்க்கச் சொல்கிறீர்கள். இரண்டும் கண்ணாடிதானே ஐயா? மணலை உருக்கிச் செய்தது. ஒன்று அபூர்வம் என்றால் மற்றது எப்படிப் போலியாகும்?

எனக்கு இது இவ்வளவு உறைத்ததற்குக் காரணம் இருக்கிறது. போன மாதம் எங்கள் வீட்டில் தங்கச்சி மகளுக்குச் சடங்கு. எங்கள் அம்மாயி கழுத்தில் கடைசி வரை கிடந்த சிவப்பும் கறுப்புமான பாசிமாலையைப் பிள்ளைக்குப் போட எடுத்து வைத்திருந்தேன். கொழும்பிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் இதே வார்த்தையைத்தான் சொன்னார்கள், போலி என்று. பிள்ளைக்கு வாடகைக்கு எடுத்த கவரிங் செட்டைப் போட்டுவிட்டார்கள். பாசிமாலை சின்னப் பிள்ளைகளின் கைக்குப் போய், நூல் அறுந்து, தோட்டத்து லயத்து வாசலிலும் வடிகானுக்குள்ளும் சிதறிவிட்டது. மறுநாள் முழுக்கத் தேடி ஏழு மணிதான் பொறுக்கினேன்.

நான் பெய்ரூட்டில் ஒன்பது வருடம் வீட்டு வேலை செய்தவள். ஒருநாள் மேடத்தின் பிள்ளைகளோடு அங்குள்ள தேசிய நூதனசாலைக்குப் போனபோது, ரோமர் காலத்துக் கண்ணாடிச் சாடிகளுக்குப் பக்கத்தில் சின்னச் சின்னப் பாசிகளைக் கோர்த்து வைத்திருந்ததைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். அம்மாயி கழுத்தில் கிடந்த மாதிரியே இருந்தது. அன்று தொடங்கி, லீவு கிடைத்த நாளெல்லாம் இதைப் பற்றிக் கேட்டும் படித்தும்தான் இதை எழுதும் அளவுக்குத் தெரிந்துகொண்டேன்.

லெபனான், பலஸ்தீனக் கரைதான் அந்தக் காலத்தில் கண்ணாடிக்குப் பேர்போன இடம். கடற்கரை மணலை, எகிப்திலிருந்து வரும் நேற்றன் என்கிற உப்போடு சேர்த்து, ஆயிரம் பாகைக்கும் மேலான சூட்டில் உருக்குவார்கள். மணலில் இருக்கும் கிளிஞ்சல் தூள் சுண்ணாம்பாகிக் கண்ணாடியைக் கெட்டிப்படுத்தும். மணலில் இயல்பாக இருக்கிற இரும்பினால் அது இளம் நீலப்பச்சையாக வரும், வேறு நிறம் வேண்டுமென்றால் எதையாவது சேர்க்க வேண்டும். கோபால்ட் போட்டால் கடும் நீலம். செம்பு ஒன்றே உலையில் காற்று நிறைய இருந்தால் பச்சை நீலமாகவும், குறைந்தால் சிவப்பாகவும் வரும், அதாவது அந்தச் சிவப்பு மணிக்குப் பின்னால் நெருப்பின் மூச்சையே அளந்து விடத் தெரிந்த ஒரு ஆள் இருந்திருக்கிறார். பாசி செய்ய, களிமண் பூசிய இரும்புக் கம்பியில் உருகிய கண்ணாடியைச் சுற்றுவார்கள், ஆறியதும் களிமண் உதிர்ந்து மணி கழன்று வரும், துளையும் தானாக அமைந்துவிடும். இரண்டு கண்ணாடிப் படலத்துக்கு நடுவே மெல்லிய தங்கத் தகட்டை வைத்து மூடிய பாசிகளும் செய்தார்கள். கி.மு. முதலாம் நூற்றாண்டில் குழாயில் ஊதிக் கண்ணாடி செய்யும் முறை அந்தப் பக்கத்தில்தான் வந்தது. அதற்குப் பிறகு கண்ணாடி எல்லார் கைக்கும் எட்டியது. ரோமில் ஒரு செப்புக் காசுக்குக் கண்ணாடிக் குவளை வாங்கலாம் என்று அந்தக் காலத்துக் கிரேக்க எழுத்தாளர் ஸ்ட்ராபோ எழுதி வைத்திருக்கிறார்.

வளையல் கதைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. எங்கள் அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை, தோட்டத்துத் திருவிழாக்களில் வளையல் கடையும் போடுவார். "ஒட்டைத் தடவிப் பார்த்து எடும்மா, மேடாக இருந்தால் கையைக் கீறும், அங்கேதான் முதலில் உடையும்" என்று வாங்க வருகிறவர்களுக்கே சொல்லிக் கொடுப்பார். ரோமர் காலத்து வளையலிலும் அதே ஒட்டு இருக்கிறது, சூட்டோடு கம்பியை வளைத்து இரண்டு முனையையும் சேர்த்த அடையாளம். ஒட்டே இல்லாமல், ஒரு மணியைச் சுழற்றிச் சுழற்றி விரித்த வளையலும் உண்டு. கி.பி. 3, 4ஆம் நூற்றாண்டுகளில் கறுப்புக் கண்ணாடி வளையல் அங்கே பெண்களிடம் நன்றாகப் பரவியிருந்தது, வெளிச்சத்தில் பிடித்தால் அந்தக் கறுப்பு அடர்ந்த பச்சையாகவோ தவிட்டு நிறமாகவோ தெரியுமாம். நம் கருவளையல் ஞாபகம்தான் எனக்கு வந்தது.

சரி, போலியே கிடையாதா என்றால், இருந்தது. விலையுயர்ந்த கல் வாங்க முடியாதவர்களுக்காக, உருகிய கண்ணாடியை அச்சில் அழுத்தி, சாமி உருவம் பதித்து மோதிரக் கல்லாக விற்றார்கள். கி.பி. 79இல் இறந்த ரோம எழுத்தாளர் பிளினி, கல்லைப் போலியாகச் செய்யச் சொல்லித்தரும் புத்தகங்கள் இருப்பதாகவும் எழுதியவர்களின் பெயரைச் சொல்லப் போவதில்லை என்றும் எழுதியிருக்கிறார். கண்ணாடியைக் காட்டி மரகதம் என்று ஏமாற்றி விற்றால் அது போலி, அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. எங்கள் அம்மாயி தன் பாசியை யாரிடமும் பவளம் என்று சொல்லவில்லை.

இது தூர தேசத்துக் கதை மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். கி.பி. முதலாம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதிய கடல்வழிக் குறிப்பில், முசிறித் துறைக்குக் கச்சாக் கண்ணாடி கப்பலில் வந்ததாக இருக்கிறது. புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேட்டில், கண்ணாடியை நீளக் குழாயாக இழுத்து நறுக்கிப் பாசி செய்தார்கள். அந்த வகைப் பாசி நம் மன்னார் மாந்தையிலும் மண்ணுக்குள்ளிருந்து வந்திருக்கிறது. கோப்பித் தோட்டக் காலத்தில் நம் ஆட்கள் தமிழகத்திலிருந்து தோணியில் வந்து இறங்கியது அதே மன்னார்க் கரையில்தானே? அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளைக்கு நூறு மைலுக்கு மேல் நடந்தார்கள், வழியில் கொலராவில் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. கையில் பணமோ பத்திரமோ இல்லாமல் நடந்த பெண்கள் கழுத்திலும் கையிலும் என்ன கிடந்திருக்கும்? எங்கள் வீட்டு மாலை யார் கழுத்தில் இங்கே வந்தது என்று அம்மாயியிடம் கேட்டு வைக்காமல் விட்டேன், அது என்னை இன்னும் அறுக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2020 ஓகஸ்ட் 4 துறைமுக வெடிப்பின்போது நான் பெய்ரூட்டில் இருந்தேன். அங்குள்ள அமெரிக்கப் பல்கலைக்கழக நூதனசாலையில் ஒரு அலமாரி நிறையப் பழங்காலக் கண்ணாடிப் பாத்திரங்கள், 74இல் 72 நொறுங்கிவிட்டன. ஜன்னல் கண்ணாடியும் அலமாரிக் கண்ணாடியும் பழைய கண்ணாடியும் ஒரே குவியலாகக் கிடந்ததை, அவர்கள் ஒவ்வொரு சில்லாகப் பிரித்து எடுத்து வைத்தார்கள். அதில் 8 பாத்திரங்களை லண்டனில் பிரிட்டிஷ் நூதனசாலையில் வைத்து ஒட்டினார்கள். நாங்கள் முழு மாலையைக் கானுக்குள் விட்டோம்.

அதனால் உங்களிடம் இரண்டு கேட்கிறேன். கட்டுரையில் வந்த "போலி" என்ற சொல்லுக்கு அடுத்த ஞாயிறு ஒரு திருத்தம் போடுங்கள். கவரிங்கைத் தங்கமென்று காட்டுவதற்கு அந்தச் சொல்லை வைத்துக்கொள்ளுங்கள், பாசிக்கு வேண்டாம். அப்புறம், மாதத்துக்கு ஒருமுறையாவது அரைப் பக்கம் ஒதுக்கி, தோட்டத்து வீடுகளில் இருக்கும் பழைய பாசி, வளையல், தாலிக் கயிற்று மணி ஆகியவற்றின் படங்களை வாசகர்களிடம் கேளுங்கள். யார் போட்டது, எந்தத் தோட்டம், யார் கொடுத்தது என்று இரண்டு வரி இருந்தால் போதும். எழுபது எண்பது வயதான அம்மாயிமார், அப்பாயிமார் இன்னும் இருக்கிறார்கள், அவர்கள் இருக்கும்போதே கேட்டால்தான் உண்டு.

முதல் படம் நான் அனுப்புகிறேன். ஐந்து சிவப்பு, இரண்டு கறுப்பு. ஒரு சிவப்பு மணியின் ஓரம் சின்னதாக உடைந்திருக்கிறது, அதையும் சேர்த்தே எடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
பொகவந்தலாவை