அர்ச்சனைச் சீட்டு மேசைக்குப் பக்கத்தில் இன்னொரு மேசை

பிரித்தானியாவில் உள்ள தமிழ்க் கோயில்களின் அறங்காவலர்களுக்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கும்,

வணக்கம். எங்கள் முதியவர்கள் பென்சன் கிரெடிற் என்ற அரச உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க, உங்கள் மண்டபத்தில் ஒரு உதவி மேசை கேட்டு எழுதுகிறேன்.

போன தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. மதியப் பூசை முடிந்து, சாப்பாடும் முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். ஒரு அம்மா மட்டும் மண்டபத்தில் இருந்தார். எழுபது வயது. "மகனும் மருமகளும் வேலைக்குப் போனாப் பிறகு நான் ஹீற்றர் போடுறதில்லை. பில்லைப் பார்த்தால் மகன் பாவம். இஞ்சை சூடாய் இருக்கு" என்றார்.

2022 அக்டோபரில் இந்த நாட்டின் விலைவாசி உயர்வு 11.1 சதவீதத்தைத் தொட்டது. இப்போது தணிந்துவிட்டது என்கிறார்கள். ஏறுகிற வேகம்தான் குறைந்தது, ஏறிய விலை இறங்கவில்லை. 2023 யூலையில் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியை இந்தியா தடை செய்தபோது, மூட்டையாக அரிசி வாங்கும் எங்கள் வீடுகளுக்கு அது வேறு சுமை. எழுபது வயதில் ஒருவரைப் பாணுக்கு மாறுங்கள் என்று சொல்ல முடியுமா?

ஓய்வூதியமும் எங்கள் ஆட்களுக்குக் குறைவாகத்தான் வருகிறது. 2016 ஏப்ரலுக்குப் பிறகு ஓய்வு வயதை எட்டியவர்கள் முழுத் தொகை பெற, பொதுவாக 35 வருட நஷனல் இன்சூரன்ஸ் வேண்டும், அதாவது வேலை செய்து அரசாங்கத்துக்குக் கட்டும் காப்புறுதிப் பணம். 10 வருடம்கூட இல்லையென்றால் ஒன்றும் கிடையாது. பிள்ளைகளோடு சேர ஐம்பது வயதுக்குமேல் வந்து, பேரப்பிள்ளைகளைத் தூக்கி வளர்த்த தாய்மாருக்கு அந்த வருடங்கள் எங்கிருந்து வரும்?

இவர்களுக்காகத்தான் பென்சன் கிரெடிற் இருக்கிறது. குறைந்த வருமானத்தை ஒரு எல்லைவரை நிரப்பிக் கொடுப்பார்கள். 2025–26இல் தனியாளுக்கு அந்த எல்லை வாரம் 227.10 பவுண். அது கிடைத்தால் கவுன்சில் வரியிலும் மின்கட்டணத்திலும் சலுகைக்கு வழி திறக்கும். ஆனாலும் தகுதி உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் அதைப் பெறுவதில்லை என்பது அரசாங்கத்தின் சொந்தக் கணக்கு.

அந்த அம்மாவும் கேட்டதில்லை. "மகனோட இருக்கிறன், அவன் உழைக்கிறான், எனக்குத் தரமாட்டினம்" என்று நினைத்திருந்தார். அது தவறு. விண்ணப்பிப்பவர், அவருடைய துணை, இந்த இருவரின் வருமானமும் சேமிப்பும்தான் கணக்கு. மகனின் சம்பளம் சேராது. இதை யாராவது தமிழில் ஒரு தரம் சொல்லியிருந்தால் போதும். பிந்திக் கேட்டால் முந்தைய 3 மாதப் பணம்தான் கிடைக்கும், அதற்கு முந்தியது போனது போனதுதான்.

வேறு சிலருக்கு வெட்கம், அரசாங்கத்திடம் கை நீட்டுவதா என்று. அப்புறம் ஊருக்குப் போனால் நிறுத்திவிடுவார்களோ என்ற பயம். பொதுவாக 4 வாரம் வரை போய்வரலாம். யாழ்ப்பாணத்து நல்லூர்த் திருவிழாவே 25 நாள், ஆகவே திகதி பார்த்துத்தான் ரிக்கற் போட வேண்டும். இதையும் யாராவது சொல்ல வேண்டுமே.

உங்களிடம் மண்டபம் இருக்கிறது. முதியவர்கள் தாங்களாகவே தேடி வரும் இடம் அது. பழைய மாணவர் சங்கங்களில் கணக்காளர்களும் வழக்கறிஞர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைகளில் அர்ச்சனைச் சீட்டு மேசைக்குப் பக்கத்தில் இன்னொரு மேசை போடுங்கள். தொலைபேசியிலேயே விண்ணப்பிக்கலாம், மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம்.

அந்த அம்மாவின் விண்ணப்பத்தை அதே மண்டபத்தில் இருந்து முடிக்க எங்களுக்கு ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் மேல் ஆனது. வருகிற வெள்ளி நான் திரும்பவும் வருகிறேன். ஒரு மேசையும் மூன்று கதிரையும் தாருங்கள்.

அன்புடன்,
ஈஸ்ற்ஹாமில் இருந்து ஒரு தொண்டர்