போனைக் குளிப்பாட்டியதாகச் சொல்லப்பட்ட அண்ணாச்சியின் புகார்

அனுப்புநர்:
அப்பள வியாபாரி,
கல்லிடைக்குறிச்சி,
திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அதிகாரி,
இந்தியத் தலைமை அலுவலகம்.

நாள்: 18.03.2024

பொருள்: தண்ணீர் புகாது என்று விற்ற போன் மழையில் செத்ததும், அதைத் திறந்து பார்த்ததற்கு 354 ரூபாய் கேட்டதும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். என்ன போன், என்ன மாடல் என்று நான் விவரித்து எழுதப் போவதில்லை. நீங்கள் செய்த பொருள், உங்களுக்குத் தெரியும். அதுவும் போக, இதுவரை எனக்குக் கொடுத்த ஏழு புகார் எண்களையும் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். அதில் எந்த எண்ணைத் தட்டினாலும் என் முழு ஜாதகமும் வந்துவிடும் என்று உங்கள் கால் சென்டரில் ஒரு அம்மா சொன்னார். தட்டிப் பாருங்கள்.

2023 தீபாவளிக்கு முந்தின வாரம் திருநெல்வேலி ஜங்ஷனில் 34,999 ரூபாய் கொடுத்து வாங்கினேன். அவ்வளவு விலைக்குப் போன் வாங்குகிற ஆள் இல்லை நான். பன்னிரண்டாயிரத்துக்கு ஒன்று வாங்கத்தான் பஸ் ஏறினேன். கடையில் உங்கள் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பெண் நீச்சல் குளத்துக்குள் உங்கள் போனை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். “ஐபி68 அண்ணாச்சி, ஒன்றரை மீட்டர் ஆழத்துல அரை மணி நேரம் கிடந்தாலும் ஒண்ணும் ஆகாது” என்றான் கடைப் பையன். அட்டைப் பெட்டியிலும் அப்படியே போட்டிருந்தது. என் தொழிலில் கை காயவே காயாது. உளுந்து மாவு, பிரண்டைச் சாறு, எண்ணெய் என்று எதையாவது தொட்டுக்கொண்டேதான் இருப்பேன். நமக்கு ஏற்ற போன் இதுதான் என்று நம்பி, மிச்சப் பணத்தைத் தவணையில் போட்டேன். அந்தத் தவணை இன்னும் மாதாமாதம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கிறது என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. அந்த இரண்டு நாள் மழை திருநெல்வேலியையும் தூத்துக்குடியையும் என்ன பாடுபடுத்தியது என்று நாடே பார்த்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது. உங்கள் ஆட்கள் திரும்பத் திரும்பக் கேட்பதால் இதையும் எழுதுகிறேன்: எங்கள் வீட்டுக்குள் வெள்ளம் வரவில்லை. நான் ஆற்றில் குதிக்கவில்லை. கொட்டகை ஓடு ஒழுகியது. மாவு மூட்டைகளை முற்றத்தைத் தாண்டி வீட்டுக்குள் சுமந்தேன், இருபது நிமிஷ வேலை. போன் சட்டைப் பையில் இருந்தது. நனைந்தது. மழையில் நனைந்தது, அவ்வளவுதான்.

சாயங்காலம் கேமரா கண்ணாடிக்குள் வியர்வை மாதிரி மூட்டம். சார்ஜ் போட்டால் ஈரம் இருக்கிறது என்று எழுத்து வந்தது. எடுத்துத் துடைத்து மின்விசிறிக்கு அடியில் வைத்தேன். மறுநாள் காலையில் உயிர் இல்லை.

பஸ்ஸெல்லாம் ஒழுங்காக ஓட ஆரம்பித்த பிறகு 27-ஆம் தேதி வண்ணார்பேட்டையில் இருக்கும் உங்கள் சர்வீஸ் சென்டருக்குப் போனேன். சேறு அப்பிய போன்களோடு ஒரு கூட்டம் நின்றது. வீட்டையே பறிகொடுத்தவர்கள்கூட அதில் இருந்திருப்பார்கள். என் முறை வந்ததும் கவுண்டரில் இருந்த தம்பி சிம் தட்டை உருவி, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தான். உள்ளே ஒரு சின்ன ஸ்டிக்கராம், ஈரம் பட்டால் சிவந்துவிடுமாம். சிவந்திருந்தது. உடனே சத்தமாகக் கேட்டான்: “என்ன அண்ணாச்சி, போனைக் குளிப்பாட்டினீங்களா?”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன் என்பதுதான் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. ஐம்பத்து மூன்று வயதில், காசு கொடுத்து வாங்கிய பொருளைக் கையில் பிடித்துக்கொண்டு, அசடு மாதிரிச் சிரித்தேன்.

“தண்ணி புகாதுன்னுதானே தம்பி விற்றீங்க” என்றேன். “புகாதுதான். புகுந்தா வாரண்டி கிடையாது” என்றான். ஐயா, இந்த வாக்கியத்தைத் தயவுசெய்து உங்கள் தலைமை அலுவலகத்தில் நாலு பேரைக் கூட்டி வைத்து ஒருமுறை வாசியுங்கள். நான் மூன்று மாதமாக வாசித்துக்கொண்டிருக்கிறேன், பிடிபடவில்லை. நான் விற்கும் அப்பளம் எண்ணெயில் போட்டால் பொரியும் என்று சொல்லி விற்கிறேன். எண்ணெயில் போட்டது உங்கள் தப்பு என்று ஒரு வாடிக்கையாளரிடம் சொன்னால், அன்றைக்கே என் கடையைப் பூட்ட வேண்டியதுதான்.

என் மருமகன் இதையெல்லாம் தேடிப் படிப்பவர். ஐபி என்பதற்கு அடுத்து வரும் 6 தூசிக்கு, 8 தண்ணீருக்கு. சோதனை செய்வது ஆய்வகத்தில், அசையாத நல்ல தண்ணீரில் என்று விளக்கினார். சரி, கடல் தண்ணீர் என்றால் உப்பு என்பீர்கள், நீச்சல் குளம் என்றால் குளோரின் என்பீர்கள். வானத்திலிருந்து விழுந்த மழையில் என்ன குறை கண்டீர்கள்? எங்கள் ஊர் அப்பளத்துக்கு ருசியே தாமிரபரணித் தண்ணீரால்தான் என்று ஊர் ஊராகச் சொல்கிறார்கள். அந்தத் தண்ணீர் உங்கள் போனுக்கு மட்டும் ஆகாமல் போய்விட்டதா?

இன்னொன்றும் மருமகன் எடுத்துக் காட்டினார். ஐபோன் தண்ணீரைத் தாங்கும் என்று விளம்பரம் செய்துவிட்டு, நனைந்த போனுக்கு வாரண்டி மறுத்ததற்காக ஆப்பிள் நிறுவனத்துக்கு 2020-இல் இத்தாலியில் ஒரு கோடி யூரோ அபராதம் போட்டார்கள். குளத்திலும் கடலிலும் போனைக் காட்டி விளம்பரம் செய்ததற்காக சாம்சங் நிறுவனத்துக்கு 2022-இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் 1 கோடியே 40 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. அவ்வளவு பெரிய கம்பெனிகளுக்கே அந்தக் கதி. உங்களை மிரட்ட இதை எழுதவில்லை. தெரிந்திருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

உங்கள் கட்டணமில்லா எண்ணைப் பற்றி எழுதினால் தாள் போதாது. தமிழுக்கு ஓர் எண்ணை அழுத்தச் சொல்கிறது. அழுத்தினால் இந்தியில் பேசுகிறார்கள். ஒருமுறை இருபத்திரண்டு நிமிஷம் பாட்டுக் கேட்டேன், பிறகு கட்டாகிவிட்டது. இன்னொருமுறை ஒருவர் ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) வேண்டும், போனில் ஸ்டார் ஹாஷ் பூஜ்யம் ஆறு ஹாஷ் அழுத்திப் பாருங்கள் என்றார். “போன் செத்துப் போச்சு சார்” என்றேன். “பரவாயில்லை சார், ஆன் பண்ணிட்டு அழுத்துங்க” என்றார். பரணில் ஏறி அட்டைப் பெட்டியை எடுத்துப் படித்துச் சொன்னேன். இந்தப் பேச்செல்லாம் என் பழைய பட்டன் போனில். அது 2014-இல் வாங்கியது. மாவுச் சட்டிக்குள்ளேயே ஒருமுறை விழுந்திருக்கிறது, இன்னும் பேசுகிறது.

ஆனால் எல்லாவற்றையும்விட அந்த பிப்ரவரி 23-ஆம் தேதிதான். நல்ல வெயில் அடித்த வெள்ளிக்கிழமை. அப்பளக்காரனுக்கு வெயில் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியாது. முதல் நாள் உங்களிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி: உங்கள் சாதனம் தயாராக உள்ளது, பெற்றுக்கொள்ளவும். மனசு குளிர்ந்துபோய், காயப்போடுகிற வேலையை வீட்டில் விட்டுவிட்டு, காலை எட்டு மணிக்கு வீரவநல்லூர், சேரன்மகாதேவி வழியாக பஸ் பிடித்துப் போனேன். டோக்கன் 41. ஒரு மணிக்குச் சாப்பாட்டு இடைவேளை. மூன்றரைக்குக் கூப்பிட்டார்கள். அதே தம்பி. ஒரு பிளாஸ்டிக் கவரில் போனைப் போட்டு நீட்டினான். பின்பக்க மூடி சரியாக ஒட்டாமல் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. “சரியாயிடுச்சா தம்பி?” என்றேன். “இல்ல அண்ணாச்சி, ரிப்பேர் பண்ணாம திருப்பிக் கொடுக்கத் தயாரா இருக்கு.”

அதற்குத்தான் தயார். அதற்குத்தான் குறுஞ்செய்தி. போர்டும் திரையும் மாற்ற வேண்டுமென்றால் 23,600 ரூபாயாம். வேண்டாமென்றால் பார்த்த கூலி 300, ஜிஎஸ்டி 54, ஆக 354. கொடுத்தேன். ரசீதின் நகலை இணைத்திருக்கிறேன். பேக்கப் எடுத்து வைக்கவில்லையா என்றும் ஒரு கேள்வி. நான் அப்பளம் போடுவேனா, பேக்கப் எடுப்பேனா?

அந்தப் போனுக்குள் என் பொங்கல் ஆர்டர் அத்தனையும் வாட்ஸ்அப்பில் இருந்தது. சென்னை, மும்பை என்று பல ஊர் முகவரி, யார் யார் பாக்கி என்ற கணக்கு. பொங்கல் வியாபாரம் படுத்துவிட்டது. மூன்று தலைமுறையாகச் சேர்த்த பெயர் போய்விட்டது. இரண்டு லட்ச ரூபாய் நஷ்டம். இதை எழுதும்போது எட்டிப் பார்த்த என் மனைவி இரண்டு லட்சமெல்லாம் இல்லை என்கிறாள். இருக்கட்டும், ஒரு லட்சத்துக்குக் குறையாது. என் தாயார் மாவுக்கு எவ்வளவு அப்பளக்காரம், எவ்வளவு பிரண்டைச் சாறு என்று பேசிய பதிவும் அதில்தான் இருந்தது. அவர் இப்போது இல்லை. அதற்கு என்ன விலை போடுவது என்று எனக்கும் தெரியவில்லை, போடவும் மாட்டேன்.

கேமராவைப் பற்றித் தனியாகப் புகார் எழுதலாம், நேரமில்லை. சீரக அப்பளத்தைப் படம் எடுத்தால் அதிலுள்ள சீரகத்தைக் கறை என்று நினைத்து அழித்து, வழுவழுவென்று காட்டும் புத்திசாலிக் கேமரா. 5ஜி என்றீர்கள், எங்கள் தெருவில் மாடிக்கு ஏறினால்தான் அந்த எழுத்தே தெரியும். 2023-இல் வந்த போன்களில் ஏமாற்றியது எது என்று என்னைக் கேட்டால், யோசிக்கவே மாட்டேன்.

தப்பு எல்லாருக்கும் வரும், ஐயா. அதே 2023-இல் திரையில் பச்சைக் கோடு விழுகிறது என்று புகார் வந்தபோது, ஒன்பிளஸ் நிறுவனம் பாதிக்கப்பட்டவர்களுக்கு இந்தியாவில் இலவசமாகத் திரை மாற்றித் தர முன்வந்தது. நம் பொருளில் குறை என்று ஒப்புக்கொண்டால் குடியா முழுகிவிடும்?

நான் கேட்பது இதுதான். வேறு போன் கொடுங்கள், அல்லது 34,999 ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள். அந்த 354 ரூபாயைக் கட்டாயம் திருப்பிக் கொடுங்கள். மற்றதை விட்டாலும் அதை விட மாட்டேன். கவுண்டர் தம்பியின் வேலையில் கை வைக்க வேண்டாம், அவனும் யார் வீட்டுப் பிள்ளையோ, நாள் முழுக்க எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ஐபி68 என்றால் என்ன என்று மட்டும் யாராவது அவனுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

கடிதம் கிடைத்த பதினைந்து நாளுக்குள் பதில் வேண்டும். வராவிட்டால் 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிவு செய்துவிட்டு, நேராக திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். 2019-ஆம் வருஷச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. நான் அங்கே வர பஸ்ஸுக்குச் சில்லறைதான் ஆகும். உங்கள் ஆள் தலைமை அலுவலகத்திலிருந்து வர எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்த அளவுக்குப் போகாமல் முடித்துக்கொடுப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் பொன்னான நேரத்துக்கு நன்றி.

இப்படிக்கு,
(கையொப்பம்)
அப்பள வியாபாரி, கல்லிடைக்குறிச்சி

பி.கு.: பதிலைத் தபாலில் அனுப்புங்கள். அல்லது பட்டன் போனுக்குக் கூப்பிடுங்கள், காலை பதினோரு மணிக்குள் வேண்டாம், அப்பளம் காயப்போடுகிற நேரம். தயாராக உள்ளது என்று குறுஞ்செய்தி மட்டும் அனுப்பாதீர்கள்.