நோம்பிக் கணக்கும் காந்தியடிகளின் ரசீதும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பங்குனி, சித்திரை பிறந்தால் கொங்கு நாட்டில் ஊருக்கு ஊர் மாரியம்மன் நோம்பி, அதாவது திருவிழா, சாட்டுவார்கள். நோம்பி தொடங்கும் பூச்சாட்டுக்கு முன்பே நோம்பி வரி வசூல் தொடங்கிவிடும். வசூலிக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் நாணயமானவர்களே. அப்படியும் நோம்பியின் கடைசியில் வரும் மஞ்சள் நீர் முடிந்த கையோடு கணக்குச் சண்டை கிளம்பிவிடுகிறது. பணத்தை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். எழுத வேண்டியதை எழுதாமல் விட்டிருப்பார்கள்.

1894-ல் தென்னாப்பிரிக்காவில் அங்குள்ள இந்தியர்களுக்காக நேட்டால் இந்தியக் காங்கிரஸைத் தொடங்கிய காந்தியடிகள், மாதச் சந்தாவைக் குறைந்தது 5 ஷில்லிங் என்று வைத்தார். பணம் கொடுப்பவர் ரசீதைக் கேட்பதில்லை, ஆனாலும் வற்புறுத்திக் கொடுத்தோம் என்று தன் சுயசரிதையில் எழுதுகிறார். கணக்கு சரியாக இல்லாத இடத்தில் சத்தியம் மாசில்லாமல் நிற்காது என்பது அவர் கண்ட பாடம்.

ரசீதுப் புத்தகத்தை வரிசை எண்ணோடு அச்சடித்து, எந்தப் புத்தகம் யாரிடம் போகிறது என்று ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். தப்பாக எழுதிய ரசீதைக் கிழித்து எறியக் கூடாது. 'ரத்து' என்று எழுதி, புத்தகத்திலேயே தங்கும் அடிக்கட்டையோடு சேர்த்துப் பின் அடித்து வைக்க வேண்டும். ஜிபேயில் வந்தாலும் ரசீது உண்டு. அந்தப் பணம் ஒருவருடைய சொந்தக் கணக்கில் விழக் கூடாது. கமிட்டி பெயரில், இருவர் கையெழுத்தில் இயங்கும் வங்கிக் கணக்கில்தான் விழ வேண்டும்.

எல்லாவற்றையும்விட அதிகம் கெடுப்பது, வசூல் பணத்திலிருந்து நேராகச் செலவு செய்வது. ஒருவர் ரூ.12,000 வசூலிக்கிறார். வழியில் பந்தல்காரர் கேட்க, ரூ.3,500 கொடுத்துவிடுகிறார். மீதி ரூ.8,500-ஐ ஒப்படைக்க, நோட்டில் அதுவே வரவாக ஏறுகிறது. வரவிலும் செலவிலும் ஒரே தொகை குறைவதால் இருப்பு சரியாகவே இருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது. பந்தல் பில் வரும்போது முன்பணம் கொடுத்தது நோட்டில் இருக்காது, முழுத் தொகையும் போய்விடும். அடிக்கட்டையைக் கூட்டுகிற அன்று ரூ.3,500 எங்கே என்ற கேள்வி, வெயிலில் அலைந்து வசூலித்த மனிதர் தலையில் விழும். வசூல் முழுவதும் முதலில் வரவாகட்டும். செலவு தனியே, வவுச்சரோடு போகட்டும். இரவில் 500, 200, 100 என்று நோட்டு வாரியாக எண்ணி எழுத ஐந்து நிமிடம் போதும்.

அன்னதானத்துக்கு வரும் அரிசியும் பணம்தான். 25 கிலோ சிப்பம் எத்தனை வந்தது, எத்தனை அடுப்பேறியது, எத்தனை மிச்சம் என்று தனிப் பக்கம் வேண்டும்.

பொதுக் காரியத்தைக் கடன் வாங்கி நடத்தக் கூடாது என்பதிலும் காந்தியடிகள் உறுதியாக இருந்தார். கைமாற்று வாங்கி ஆர்க்கெஸ்ட்ராவுக்கு முன்பணம் கொடுக்கும் ஊர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பொங்கல் வைக்கும்வரை வரி தானாக வரும், அதற்குப் பிறகு பத்து நடை நடந்தாலும் வராது.

மிச்சப் பணத்தை ஊருக்குள்ளேயே வட்டிக்கு விடும் வழக்கம் நம் பக்கம் நெடுங்காலமாக இருக்கிறது. நேட்டால் காங்கிரஸும் சேர்ந்த நிதியில் சொத்து வாங்கியது. பின்னாளில் அதுவே உட்பூசலுக்குக் காரணமாகி, வாடகைப் பணம் நீதிமன்றத்தில் போய்த் தேங்கியது. பொது அமைப்புக்கு நிரந்தர நிதியே கூடாது, ஆண்டுதோறும் மக்களிடம் கேட்டே நடக்க வேண்டும் என்ற முடிவுக்குக் காந்தியடிகள் இந்தப் பூசலுக்கு வெகு முன்பே வந்துவிட்டார். வட்டிக்கு வாங்கியவர் சொந்தக்காரராக இருந்தால், அடுத்த நோம்பிக்கு வாய் திறந்து கேட்க ஆளிருக்காது.

நோம்பி முடிந்தபின் வரும் மறுபூசையன்று கணக்கை வாசித்து, நகலைக் கோயில் சுவரில் ஒட்டுங்கள். கமிட்டியில் இல்லாத இருவர் அதற்கு முன்பே சரிபார்த்திருக்க வேண்டும். 1894-ஆம் ஆண்டுக் கணக்குப் புத்தகங்களை இன்றும் நேட்டால் காங்கிரஸின் ஆவணங்களில் பார்க்கலாம் என்று முப்பது ஆண்டு கழித்தும் காந்தியடிகளால் துணிந்து எழுத முடிந்தது. நம் அடிக்கட்டைகளும் கரையான் ஏறாத தகரப் பெட்டியில் இருக்கட்டும். கடைகளில் தரும் மெஷின் பில் சில மாதங்களில் வெளுத்துவிடும். வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்து வவுச்சரோடு சேர்த்துவிடுங்கள்.

— கோயில் கணக்கு எழுதுவோர் சிலர்,
காங்கயம்