மேற்கு மாம்பலம் கிளையை முன்னறிவிப்பின்றி மூடியது குறித்த புகார்

அனுப்புநர்:
மேற்கு மாம்பலம் கிளையின் நெடுநாள் வாடிக்கையாளர்,
சென்னை – 33.

பெறுநர்:
மேலாண்மை இயக்குநர் அவர்கள்,
தலைமை அலுவலகம், சென்னை.

பொருள்: ஆரிய கவுடா சாலைக் கிளை மூடப்பட்டமை, உணவக அட்டையில் உள்ள மீதித் தொகை, மாற்றாகக் காட்டப்பட்ட தியாகராய நகர்க் கிளையின் குறைகள் – தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா,

வணக்கம். ஆரிய கவுடா சாலையில் தங்கள் நிறுவனம் நடத்திவந்த உணவகக் கிளை சென்ற மாதம் மூடப்பட்டது. மூடிய அன்று ஷட்டரின் மேல் ‘புதுப்பிப்புப் பணிக்காகத் தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது’ என்று ஒரு ஃபிளெக்ஸ் தொங்கியது. அதே வாரத்தில் மாவு அரைக்கும் பெரிய கிரைண்டரும் தோசைக்கல்லும் காபி பாய்லரும் சிறு லாரியில் ஏற்றப்பட்டன. கல்லா மேசையைக்கூட விட்டுவைக்காமல் செய்யும் புதுப்பிப்புப் பணியை நான் கேள்விப்பட்டதில்லை. தங்கள் வாடிக்கையாளர் சேவை எண்ணில் விசாரித்தபோதுதான் கிளை நிரந்தரமாக மூடப்பட்டது என்று சொன்னார்கள். முன்பணம் கட்டி வைத்திருந்த உணவக அட்டையில் இருக்கும் பணத்தைப் பற்றிக் கேட்டதற்கு, ‘அருகிலுள்ள தியாகராய நகர்க் கிளையில் அதே சுவையை அனுபவிக்கலாம்’ என்று மின்னஞ்சலில் பதில் வந்தது. என் புகாரின் மையம் அந்த ஒரு வரிதான்.

ஒரு கிளைக்கு மாற்றாக இன்னொரு கிளையைக் காட்டினால் கணக்கு நேராகிவிடும் என்று தங்கள் அலுவலகம் கருதுவதாகத் தெரிகிறது. மாம்பலத்துக்காரர்களுக்கு அந்தக் கணக்கு சரிப்படாது. நடுவில் ரயில் பாதை இருக்கிறது. துரைசாமி சுரங்கப்பாதையில் மழைநாட்களில் தண்ணீர் தேங்குவது ஊரறிந்த செய்தி. மாம்பலம் நிலையத்திலிருந்து தியாகராய நகர் பேருந்து நிலையம்வரை 2023-இல் திறக்கப்பட்ட ஆகாய நடைபாதை இருக்கிறதே என்று தாங்கள் கேட்கக்கூடும். நல்ல வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் விடியற்காலையில் கோதண்டராமர் கோயிலுக்குப் போய்விட்டு ஒரு காபி குடிக்க நினைக்கும் எழுபது வயதுக்காரரை, அந்த நடைபாதையில் ஏறி நடந்து, ஜவுளிக்கடைக் கூட்டத்தில் இறங்கிக் குடித்துவிட்டுத் திரும்பும்படி சொல்வது நியாயமாகுமா? அப்படியே போனாலும் அந்தக் கிளை எட்டு மணிக்குத்தான் திறக்கிறது. மூடப்பட்ட கிளையில் ஆறு மணிக்கு முதல் டிகாக்ஷன் இறங்கியிருக்கும்.

அந்த இடம் தங்கள் கைக்கு வருமுன் ஒரு குடும்பத்தார் நடத்திய சிற்றுண்டிச்சாலையாக இருந்தது. தாங்கள் அதை வாங்கியபோது பெயர்ப்பலகைதான் மாறுகிறது, ‘அதே மாஸ்டர், அதே கைமணம்’ என்று வாசலில் தட்டி வைத்தீர்கள். ஆரம்பத்தில் அந்த வாக்கு ஓரளவு காப்பாற்றப்பட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். தட்டில் வடை தீர்ந்திருந்தால் ‘ரெண்டு நிமிஷம் இருங்க, சூடா வருது’ என்று சப்ளையர் சொல்வார், சொன்னபடியே வரும். ஒரு இட்லி, ஒரு வடை என்று கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுத்து, சாம்பாரை இட்லி மூழ்கும்வரை ஊற்றுவார்கள். அயோத்யா மண்டபத்தில் உபன்யாசம் முடிந்த மாலைகளில், நின்றுகொண்டே டபராவில் காபியை ஆற்றிக் குடிப்பவர்களுக்காக ஓரமாக ஒரு கல்மேடை இருந்தது. அங்கே யாரும் யாரையும் எழுந்து போகச் சொன்னதில்லை.

தியாகராய நகர்க் கிளைக்கு, தங்கள் மின்னஞ்சலை மதித்து, என் மனைவியோடு போனேன். வடை ஒரு கண்ணாடிப் பெட்டியில், மஞ்சள் விளக்கின் கீழ் அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. மேலே மொறுமொறுப்பாகவும் உள்ளே ஈரப் பஞ்சாகவும் இருந்த அதை, இப்போதுதான் போட்டது என்றார் பரிமாறிய இளைஞர். மையச் சமையற்கூடத்தில் பாதி வேகவைத்து வேனில் அனுப்பி, கிளையில் மறுபடி எண்ணெயில் போட்டு எடுக்கிறார்கள் என்பதை அவரே பிறகு ஒப்புக்கொண்டார். அவர் மேல் எனக்கு வருத்தம் ஏதுமில்லை, அவருக்குச் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னார். சட்னியில் தேங்காயைவிடப் பொட்டுக்கடலை மிகுந்திருந்தது. காபி காகிதக் கோப்பையில் வந்தது, டபரா செட் ஏசி அரங்கில் மட்டும்தானாம், அங்கே விலை வேறு. தனி இட்லி கிடையாது, ‘காம்போ’வாகத்தான் வாங்க வேண்டும். இதைத்தான் ‘அதே சுவை’ என்று எழுதியிருக்கிறீர்கள்.

கிளைகள் வைத்து உணவகம் நடத்துவதே தவறு என்று கருதுபவன் அல்லன் நான். உடுப்பி உணவை இந்த நகரத்துக்குப் பழக்கிய உட்லண்ட்ஸே ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் நடந்ததுதான். 1981-இல் கே.கே.நகரில் தொடங்கிய சரவண பவன் கடல் கடந்தும் கிளை பரப்பியது. மையச் சமையற்கூடத்தால் சுத்தமும் அளவும் ஒரு சீராக இருக்கும் என்பதையும் ஏற்கிறேன். மாவையும் பொடியையும் அங்கிருந்து அனுப்புவது ஒன்று, வடையையே சுட்டு அனுப்புவது வேறொன்று. முதலாவதில் கிளையில் ஒரு மாஸ்டருக்கு வேலை இருக்கிறது. இரண்டாவதில் கிளை வெறும் சூடாக்கும் இடமாகிவிடுகிறது, அப்படிப்பட்ட இடத்தை மூடுவதும் தங்களுக்கு எளிதாகிவிடுகிறது.

பழகிய உணவகங்கள் மூடப்படுவது சென்னைக்குப் புதிதுமல்ல. கதீட்ரல் சாலையில் 1962 முதல் இயங்கிய உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் 2008-இல் மூடப்பட்டது. நிலம் அரசுக்குத் திரும்பியது, 2010-இல் அங்கே செம்மொழிப் பூங்கா திறக்கப்பட்டது. காருக்குள் தட்டு மாட்டிச் சாப்பிட்ட தலைமுறைக்கு அது பெரிய இழப்பு என்றாலும், மூடியதற்கான காரணம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மேற்கு மாம்பலத்தில் வாடகை கட்டுப்படியாகவில்லையா, ஒப்பந்தம் முடிந்ததா, பார்சல் செயலிகளுக்கு மட்டும் சமைக்கும் சிறு கூடம் போதும் என்று முடிவு செய்தீர்களா? இதில் எது உண்மையாயினும் வாசலில் எழுதி ஒட்டியிருக்கலாம். அதை விட்டுப் ‘புதுப்பிப்பு’ என்று பொய் எழுதியதை ஏற்க இயலவில்லை. அங்கே பணியாற்றிய சப்ளையர்களுக்கு வேறு கிளைகளில் இடம் கொடுக்கப்பட்டதா என்ற கேள்விக்கும் இதுவரை பதில் இல்லை.

இனி, பணத்துக்கு வருகிறேன். 2,000 ரூபாய் முன்பணம் கட்டினால் 2,200 ரூபாய்க்குச் சாப்பிடலாம் என்ற தங்கள் திட்டத்தில், கிளை மூடுவதற்குப் பத்து நாட்களுக்கு முன்புதான் அட்டைக்குப் பணம் கட்டினேன். அன்று கல்லாவில் வாங்கிக்கொண்டவர்களுக்கு மூடும் செய்தி தெரியாமல் இருந்திருக்கலாம். தலைமை அலுவலகத்துக்குத் தெரியாதிருக்க வழியில்லை. மூடப்போகும் கடைக்கு முன்பணம் வாங்குவதை வேறு என்ன பெயரிட்டு அழைப்பது என்று தாங்களே சொல்லுங்கள். மேலும், தியாகராய நகர்க் கிளையின் கருவி என் அட்டையை ஏற்கவில்லை. ‘அது பழைய அட்டை, செயலியில் மாற்றிக்கொள்ளுங்கள்’ என்றார்கள். செயலியோ, ‘கிளை செயல்பாட்டில் இல்லை’ என்று காட்டி நின்றுவிடுகிறது.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி, குறைபாடுள்ள சேவையை நிறுத்திவிட்டு அதற்கு வாங்கிய பணத்தை, பில்லில் காலக்கெடு ஏதும் குறிப்பிடாதபோது, 30 நாட்களுக்குள் திருப்பித் தர மறுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறையாகும். ஆகவே பின்வருவனவற்றைக் கேட்கிறேன். அட்டையில் எஞ்சியுள்ள 1,740 ரூபாயை, செயலிப் புள்ளிகளாகவோ சலுகைச் சீட்டாகவோ அல்லாமல், பணமாக என் வங்கிக் கணக்குக்கு 30 நாட்களுக்குள் அனுப்ப வேண்டும். அதே கிளையில் அட்டை வைத்திருந்த மற்றவர்களும், குறிப்பாகச் செயலியைக் கையாளத் தெரியாத முதியவர்களும், பணத்தை எப்படித் திரும்பப் பெறலாம் என்பதைத் தமிழில் எழுதி, இன்னும் மூடியே கிடக்கும் அந்த ஷட்டரில் ஒட்ட வேண்டும். அங்கே தொங்கும் ஃபிளெக்ஸை அகற்ற வேண்டும்.

தங்களிடமிருந்து தக்க பதில் வராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்வதோடு, நான் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலும் முறையிடுவேன். 5 லட்சம் ரூபாய்வரையிலான முறையீட்டுக்கு அங்கே கட்டணம் இல்லை என்பதால், தொகை சிறியது என்று நான் விட்டுவிடுவேன் எனத் தங்கள் அலுவலகம் எண்ண வேண்டாம்.

பதிலைக் கடிதமாக அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். எண் ஒன்றை அழுத்தச் சொல்லும் குரலோடு மறுபடியும் பேசுவதாக இல்லை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாடிக்கையாளர்

இணைப்பு: முன்பண ரசீது நகல், அட்டையின் இருபக்க நகல், தங்கள் மின்னஞ்சலின் அச்சுப்படி, ஷட்டரில் தொங்கும் அறிவிப்பின் புகைப்படம்.