கொலைகாரனைச் சீக்கிரம் கண்ணில் காட்டு

அன்புள்ள கதிருக்கு,

அம்மா எழுதுவது. நீ அனுப்பிய துப்பறியும் கதையை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். போனில் பேசினால் பாதியிலேயே வாதாட ஆரம்பித்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

கொலை செய்த வக்கீல் கடைசிக்கு முந்தின அத்தியாயத்தில்தான் முதன்முதலாக வருகிறார். எனக்குக் கோபமே வந்துவிட்டது. அதுவரை ஒவ்வொருவராகச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த என்னை என்னவென்று நினைத்தாய்? 1929-இல் ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் இந்த மாதிரிக் கதைகளுக்குப் பத்து விதிகள் எழுதினார். குற்றவாளி கதையின் ஆரம்பப் பகுதியிலேயே தலைகாட்டியிருக்க வேண்டும் என்பது முதல் விதி. துப்பறிபவருக்குக் கிடைக்கும் தடயம் வாசகருக்கும் அப்போதே தெரிய வேண்டும் என்பது இன்னொன்று. ரகசிய அறை ஒன்றுக்கு மேல் கூடாது என்றெல்லாம்கூட அதில் உண்டு, அதை விட்டுவிடு. இந்த இரண்டையும் மட்டும் விடாதே.

காட்டினால் கண்டுபிடித்துவிடுவார்களே என்பாய். வக்கீலை இரண்டாம் அத்தியாயத்தில் ஏதாவது உதவி செய்ய வர வை. உதவுகிற ஆளை யாரும் அவ்வளவு லேசில் சந்தேகப்பட மாட்டார்கள். அப்புறம் அந்தக் கைக்கடிகாரம். இறந்தவரின் வலது கையில் அது கட்டியிருந்ததைத் தனிப் பத்தியாக எழுதியிருக்கிறாய். தனிப் பத்தியைப் பார்த்ததுமே வாசகர் உஷாராகிவிடுவார். கசங்கிய சட்டை, வலது கையில் கடிகாரம், ஒற்றைச் செருப்பு என்று நடுவில் போட்டுவிட்டுப் போ. முதலில் வருவதும் கடைசியில் வருவதும்தான் மனதில் தங்கும். அடுத்த வரியிலேயே யாராவது கத்திக்கொண்டு உள்ளே ஓடிவந்தால் இன்னும் நல்லது.

எனக்கு ரொம்பப் பிடித்த தந்திரம் வேறு ஒன்று உண்டு. தடயத்துக்குத் தப்பான காரணம் ஒன்றை முதலிலேயே கொடுத்துவிடுவது. "இடது கைக்காரர் போலிருக்கு" என்று கான்ஸ்டபிள் போகிறபோக்கில் சொல்லட்டும். காரணம் கிடைத்துவிட்டால் அதற்கு மேல் யாரும் யோசிப்பதில்லை. கடைசியில் உண்மை தெரிந்ததும், முன்பக்கங்களைப் புரட்டிப் பார்த்து "அட, இங்கேயே இருந்ததே!" என்று வாசகர் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும். உன் கதையில் அப்படிப் புரட்டிப் பார்க்க எனக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை.

நர்ஸாக இருந்தவள் என்ற முறையில் இரண்டு விஷயம். கைக்குட்டையில் குளோரோஃபாம் நனைத்து மூக்கில் வைத்ததும் ஆள் சாய்ந்துவிட மாட்டார். சில நிமிடங்களாவது விடாமல் சுவாசிக்க வேண்டும், அதற்குள் திமிறிக் கூச்சல் போட்டுவிடுவார். இறந்து அரை மணி நேரத்தில் உடல் முழுக்க விறைத்துக் கிடப்பதும் சரியில்லை. பொதுவாக இரண்டு மூன்று மணி நேரம் கழித்துத்தான் தாடை, கழுத்துப் பக்கம் விறைப்பு தெரியும். உடல் முழுக்கப் பரவ 12 மணி நேரம் போல ஆகும். வெக்கையில் இதெல்லாம் சீக்கிரம் நடக்கும். இதை நீயே பயன்படுத்திக்கொள்ளலாமே: வக்கீல் அறையைச் சூடாக்கி வைத்துவிட்டுப் போகிறார், சாவு முன்னதாகவே நடந்தது போலத் தெரிகிறது, அந்த நேரத்தில் அவர் பத்துப் பேர் நடுவில் இருந்திருக்கிறார்.

மாடிப்படித் துரத்தலில் ஒரு வார்த்தையையும் தொடாதே, அது அபாரம்.

திருத்தியதும் அனுப்பு. கொலைகாரனை மாற்றினால் யார் என்று என்னிடம் உளறிவிடாதே. அப்பாவிடமும் சொல்லாதே, அவர் வாய் சும்மா இருக்காது.

அன்புடன்,
அம்மா